மிதிகட்டைக்கு வைத்த பொட்டு

எனக்குக் கால் சும்மா இருக்காது. சோபாவில் உட்கார்ந்தால் முட்டி தானாக ஆடும். எதிரே வைத்த காப்பி தளும்பும். "காலாட்டினா குடும்பத்துக்கு ஆகாதுங்க" என்று என் மனைவி தொடையில் ஒன்று வைப்பாள். அதே கால்கள் கயாக் படகில் ஏறியதும் மணவறை மாப்பிள்ளை மாதிரி அடங்கிவிடும்.

கோவையில் ஒரு குளத்தில் நாங்கள் இருவரும் துடுப்புப் போடப் பழகினோம். நடுக்குளத்தில் மிதக்கும் சிவப்புப் பந்தைப் பத்து நிமிடத்துக்குள் சுற்றி வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை ஆழியாறு அணைக்குப் போகும் படகுப் பயணத்தில் இடம். அவள் முதல் தடவையே வந்துவிட்டாள். நான் இரண்டு முறை தோற்றேன். ஆயுத பூசைக்கு மறுநாள் கடைசி வாய்ப்பு.

பந்தைச் சுற்றித் திரும்பும்போதே தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பயிற்சி தரும் பெண் தன் படகை என் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"அண்ணா, கையிலயே இழுக்காதீங்க. வலது பக்கம் துடுப்பு போடறப்ப வலது காலால முன்னாடி கட்டைய உதைங்க. இடுப்பு தானா திரும்பும். ஏனுங்க இப்படி காலை இழுத்து வெச்சிருக்கீங்க?"

சொல்லக் கூச்சமாக இருந்தது. பூசையன்று துடுப்புக்குச் சந்தனம் வைத்த கையோடு, படகுக்குள் தலையை விட்டு அந்த மிதிகட்டைகளுக்கும் நான்தான் குங்குமம் வைத்திருந்தேன்.

"பொட்டு வெச்சிருக்குதுங்க அம்மணி. எப்படி மிதிக்கறது?"

"உங்க வண்டி பிரேக்குக்கு வெக்கலீங்களா? மிதிக்காமயா இங்க வந்து சேர்ந்தீங்க? சரி, போன ரெண்டு தடவை எந்தப் பொட்டுங்க?"

காலை அசைத்தால் படகு கவிழ்ந்துவிடும் என்ற பயத்தை எந்த ஆண்மகன் வாய்விட்டுச் சொல்வான்?

மனசுக்குள் மன்னிப்புக் கேட்டு உதைத்தேன். வலது, இடது, வலது. கட்டுத்தறியை அறுத்துக்கொண்ட காளை போலப் படகு பாய்ந்தது. கரையில் என் மனைவி கைப்பேசியைப் பார்த்துக் கத்தினாள்: "ஒரு நிமிஷந்தானுங்க இருக்குது! ஊட்டுல ஆட்டற மாதிரி ஆட்டுங்க!"

மூச்சு வாங்கக் கரை தொட்டேன். சில நொடிகள் மிச்சம். இறங்கிப் பார்த்தால் என் பாதம் இரண்டிலும் குங்குமம்.

அன்று மாலை சோபாவில் உட்கார்ந்தும் கால் நிற்கவில்லை. வலது, இடது என்று எதிரிலிருந்த மேசையை உதைத்துக்கொண்டிருந்தது. அவள் அடிக்கவில்லை. காப்பியை மட்டும் எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"ஞாயித்துக்கெழமைக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சுக்கங்க."