அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், ஓசூர் சபையாருக்கும், அக்காவோடு வேலை பார்த்த தோழிகளுக்கும் தங்கையின் ஸ்தோத்திரம். "சித்தி, நீங்கதான் டீச்சரு, நீங்களே எழுதிடுங்க" என்று அக்காவின் மகன் சொல்லிவிட்டான். வேறு யாராவது எழுதியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அக்காவைப் பற்றி நல்லது எழுத வேண்டிய இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் கெட்டதும் எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது கல்லாவியில். பத்தாவது வரை படித்தார். மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூர் வந்தார். மகனுக்கு நாலு வயதாக இருக்கும்போது மாமா காலமானார். அந்த வருடமே வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். செய்து வரும் ஒவ்வொரு பீஸையும் அளந்து பார்ப்பது அவர் வேலை. சரியாக இருந்தால் பச்சைப் பெட்டி, உதவாது என்றால் சிவப்பு, இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி என்றால் மஞ்சள். மூன்று ஷிப்டும் பார்த்து மகனை இன்ஜினியர் ஆக்கினார். யாரிடமும் போய் நின்றதில்லை. கோபம் வந்தால் கத்தமாட்டார், ஒரு வாரம் பேசாமல் இருந்தே ஆளை வாட்டிவிடுவார்.

நான் கிருஷ்ணகிரியில் இயற்பியல் ஆசிரியை. சூரியனும் நட்சத்திரமும் என் பாடம். அக்காவும் நானும் போகும் ஓசூர் சபையில் வருடத்துக்கு ஒரு ஞாயிறு ஆராதனை முழுவதையும் பெண்களே நடத்துவோம். அந்தப் பெண்கள் ஞாயிறுக்கு ஒரு வருடம் 'கடவுளின் படைப்பு' என்று தலைப்பு வந்தபோது, செய்தி கொடுக்க என்னைத்தானே கேட்பார்கள்? கேட்டார்கள். மூன்று வாரம் தயாரித்தேன். புரொஜெக்டர் வைத்துப் பால்வெளி, ஒளியாண்டு எல்லாம் காட்டி, இத்தனையையும் செய்தவர் எவ்வளவு பெரியவர் என்று நாற்பது நிமிடம் பேசினேன். முன்வரிசையிலேயே இரண்டு பேர் தூங்கினார்கள்.

நான் உட்கார்ந்ததும் போதகரம்மா அக்காவைப் பார்த்து, "நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார். அக்கா எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேசினார்.

"எங்க கம்பெனியில செஞ்சவங்களே செக் பண்ணக் கூடாது. செஞ்சவங்க கண்ணுக்குக் கொறை தெரியாதுன்னு சொல்வாங்க. ஆண்டவரு மட்டும் அவரே செஞ்சி, அவரே பாத்து, நல்லதுன்னு சொன்னாரு. வேதத்துல மொத அதிகாரத்த நல்லாப் பாருங்க. ரெண்டாம் நாளு மட்டும் அந்த வார்த்த இல்ல. வானத்த உண்டாக்கினாரு, ஆனா நல்லதுன்னு சொல்லல. அதுக்காகச் சிவப்புப் பெட்டியில தூக்கிப் போட்டாரா? இல்லியே. இன்னும் வேல இருக்குதுன்னு வெச்சிருந்தாரு. நம்மள்ல பல பேரு ரெண்டாம் நாள்ல நிக்கிறோம். அவ்ளோதான். நம்மள யாரும் கழிச்சுக் கட்டல."

நாலு நிமிடம்கூட இருக்காது. வேலை போனவர்கள், வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனவர்கள் என்று பாதிச் சபை அழுதது. தமிழ் அரைகுறையாகவே புரியும் வேப்பனப்பள்ளித் தெலுங்குக்கார அம்மாகூட மூக்கைச் சிந்தினார். நான் மடியிலிருந்த வேதத்தைப் புரட்டினேன். அக்கா சொன்னது சரி. அதே அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், என் கண்ணில் பட்டதில்லை. வயிறு எரிந்தது. வேறு நாகரிகமான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. மறுபடி படித்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கே போனேன். "மூணாம் நாள்ல நல்லதுன்னு ரெண்டு தடவ வருதுக்கா, அதையும் சேத்து சொல்லியிருக்கணும்" என்றேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே, "அப்ப பாக்கி வேல முடிஞ்சி ஓகே ஆயிருக்கும் பாப்பா" என்றார்.

அடுத்த வருடம் சபையின் பெண்கள் சங்கத்துக்கு நான் செயலாளர். யார் ஜெபம், யார் பாட்டு, யார் செய்தி என்று பட்டியல் போடுவது என் பொறுப்பு. எல்லாரும் அக்காவைத்தான் பேசச் சொன்னார்கள். "அக்காகிட்ட கேட்டேன். ஷிப்டுக்கு நடுவுல தயார் பண்ண நேரமில்லியாம், வேணாம்னுட்டாங்க" என்று சொன்னேன். நான் அக்காவைக் கேட்கவே இல்லை. அதற்கடுத்த வருடமும் அதையே சொன்னேன். இரண்டு தடவையும் அக்கா பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வந்தவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி. பெங்களூருக்கும் ஓசூருக்கும் அலைந்தோம். கடைசி வாரம் சங்கத்துப் பெண்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்தார்கள். அவர்களில் ஒருவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு வருஷமா கூப்பிட்டோம், நீங்கதான் வேணாம்னுட்டீங்க. இன்னொரு தடவ உங்க பேச்ச கேக்கக் குடுத்து வெக்கலியே" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தம்ளரைக் கழுவப்போகிற சாக்கில் எழுந்தேன். "ஆமா, நான்தான் முடியாதுன்னுட்டேன்" என்று அக்கா சொன்னது சமையலறைக்குக் கேட்டது. அவர்கள் போன பிறகும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போலப் பேசாமல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "கஞ்சி குடுடி" என்று சாதாரணமாகக் கேட்டார்.

அடக்க ஆராதனையில் போதகர், மேடை தேடி வந்தும் விலகி நின்ற தாழ்மை என்று அக்காவைப் புகழ்ந்தார். நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். ஐயா, அம்மா, அது அக்காவின் தாழ்மை இல்லை. அது என் பொறாமை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அக்காவைத் தன் காரில் ஏற்றி இறக்கிய எதிர்வீட்டுச் சகோதரருக்கும், இரத்தம் கொடுத்த வாலிபர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், லீவு போட்டு வந்து துணையிருந்த கம்பெனித் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்தத் தோழிகளில் ஒருவரான மஞ்சுளா போன மாதம் என்னிடம் ஒன்று சொன்னார். அப்போது, 'இந்த வருடமாவது கூப்பிடுவார்கள்' என்று அக்கா நாலாம் நாளைப் பற்றித் தயார் செய்து, மதிய இடைவேளையில் கேண்டீனில் அவர்களிடம் பேசிப் பார்ப்பாராம். "சூரியன நாலாம் நாளுதான் வெச்சாரு. ஆனா வெளிச்சம் மொத நாளே வந்துடுச்சி. அப்ப மூணு நாளா அது எங்கேருந்து வந்துச்சின்னு கேப்பாங்க டீச்சர்" என்றார்.

"அதுக்கு அக்கா என்ன சொல்வாங்க?" என்று கேட்டேன்.

"அழகாச் சொல்வாங்க. எனக்கு அவங்க மாதிரி சொல்ல வராது" என்றார் மஞ்சுளா.

அதைக் கேட்டவர்கள் அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த நாலு பேர் மட்டும்தான். அவர்களைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.