புவனகிரிக்காரர்களின் கடைசிக் காட்சி

புதுச்சேரியில் நாங்கள் நாடகம் பார்க்கப் போகும் கூடத்தில், எழுந்தால் தானாக மடிந்துகொள்ளும் நாற்காலிகள். கதை உச்சத்துக்கு வரும் நேரமாகப் பார்த்துக் கடைசி வரிசையில் ‘டப், டப்’ என்று ஆறேழு மடியும். ‘புவனகிரி கெளம்பிடுச்சு’ என்று திரைக்குப் பின்னால் நடிகர்கள் சிரித்துக்கொள்வார்களாம். முதல் ‘டப்’ எப்போதும் என் அண்ணியுடையது.

எங்கள் பக்கம் நாடகம் என்றால் கல்யாண மண்டபம்தான். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் இடம் கொடுத்தால் உண்டு. அதனால் அண்ணியும் நானும் தெருக்காரர்கள் நாலைந்து பேரும் ஞாயிறு மதியமே எல்லை தாண்டிப் பாண்டிக்கு பஸ் ஏறிவிடுவோம். திரும்பும்போது சிதம்பரத்தில் இறங்கி, புவனகிரிக்குக் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். ஒரு நாடகத்துக்கும் நாங்கள் முடிவு பார்த்ததில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் அண்ணி. வாரமெல்லாம் மிஷினில் குனிந்து பிளவுஸ் தைப்பவர், பஸ் கிளம்பியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, பார்க்காத முடிவைச் சொல்லத் தொடங்குவார். கடலூர் வருவதற்குள் முன் சீட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பியிருப்பார்கள். நாடகத்தையே பார்க்காத ஒருவர், “யக்கா, அந்த மாமியார கொஞ்சம் அடக்கி வையுங்க” என்று கெஞ்சுவார். வீட்டில் அண்ணனோ பிள்ளைகளோ அவர் பேச்சை முழுதாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கென்று இருந்த சபை அந்த பஸ் மட்டும்தான்.

ஒருநாள் வாசலில் இயக்குநர் எங்களை மறித்துக்கொண்டார். “எங்க நாடகம் அவ்ளோ மோசமாம்மா?”

“ஐயோ, பஸ்ஸு சார்! முடிவ நாங்க வழியில போட்டுக்குவோம்” என்றார் அண்ணி.

அவர் முகம் வாடிவிட்டது. “அந்தக் கடைசி சீனுக்குத்தாம்மா நாங்க உயிர வுடறோம். அடுத்த வாட்டி செத்த முன்னாடியே வாங்க.”

போனோம். காலிக் கூடத்தில், எல்லா விளக்கும் எரிய, கடைசிக் காட்சியை எங்களுக்காக முதலில் நடித்துக் காட்டினார்கள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகள் வாசலில் வந்து நிற்கிறாள், அப்பா கதவைத் திறக்கவில்லை, மேடை விளக்கு அணைகிறது. அவ்வளவுதான். எங்களை மதித்து அப்படி ஒரு காரியம் யாரும் செய்ததில்லை. கை வலிக்கத் தட்டினோம். பிறகு மற்றவர்களோடு நாடகத்தை முதலிலிருந்து பார்த்துவிட்டு, வழக்கமான நேரத்தில் ‘டப்’பென்று எழுந்தோம்.

பஸ் கிளம்பியும் அண்ணி நிமிரவில்லை. கண்டக்டர் வந்து, “இன்னாக்கா, இன்னிக்கு கதை இல்லியா?” என்றார்.

“முடிவ பாத்துட்டோம்ப்பா.” அண்ணி மடியில் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனசோடு செய்த அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இருந்த ஒரு சபையும் போச்சே!

எல்லையிலிருக்கும் முள்ளோடை தாண்டியது. அண்ணி மெதுவாக நிமிர்ந்தார்.

“ஆமா, வெளக்கு அணைஞ்சுதே. கரண்டு போனா இன்னா பண்ணுவோம்? நம்ம வூட்ல மட்டுமா, தெருவுக்கேவான்னு வெளிய வந்து பாக்க மாட்டோம்? அந்த அப்பன் மட்டும் பாக்காமயா இருப்பான்?”

“தொறந்துட்டான்!” என்றார் கண்டக்டர்.

“தொறந்தான். இருட்டுல எதிர்ல நிக்கிறது ஆருன்னு தெரியல. ‘உங்க வூட்லயும் போச்சா?’ன்னு கேக்குறான். அந்தப் பொண்ணு, ‘போச்சுப்பா’ன்னுது.”

முன் சீட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அண்ணி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கும் வேண்டியிருக்கவில்லை. பிறகு எத்தனையோ நாடகங்களின் முடிவைப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அந்த ‘போச்சுப்பா’வுக்குப் பக்கத்தில் வரவில்லை.

இப்போது அண்ணி சிதம்பரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். முட்டிவலி, பஸ் ஏற முடியாது. எனக்கோ மகனின் கார் வாசலிலேயே நிற்கிறது; திரை விழும்வரை உட்காரலாம், அவசரமில்லை. போன வாரமும் மேடையில் கதை உச்சத்துக்கு வந்தது. நான் எழுந்தேன். கடைசி வரிசையில் ஒரே ஒரு ‘டப்’. வெளியே வந்து போன் போட்டேன்.

“எந்திரிச்சிட்டியாம்மா?”

“எந்திரிச்சிட்டேன் அண்ணி.”

“செரி, சொல்லு. எங்க வுட்டுட்டு வந்த?”