பகல் பெரஹெர அன்று ராசா தாவிய ஆட்டம்

முந்திய இரவு எரிந்த கொப்பரைப் பந்தத்தின் வாடை கண்டித் தெருவைவிட்டு இன்னும் போகவில்லை. அதோடு யானைச் சாணி, ஹமீது நானாவின் துணிக்கடையில் புதுச் சீத்தையின் கஞ்சி வாசம்... இவ்வளவும் சேர்ந்ததுதான் எனக்குப் பகல் பெரஹெர, கோயில் யானை ஊர்வலம் இரவை விட்டுப் பகலில் வரும் கடைசி நாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது, ஆவணி.

நான் அப்போது புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்தான். ஆனால் சதுரங்கத்தில் என்னை அடிக்கக் கம்பளை வரை ஆள் கிடையாது. கம்பளையில் ஒருவர் இருந்தார் என்பார்கள். அவர் என்னைக் கண்டதும் ரயில் ஏறிவிட்டார்.

நானாவின் கடை மாடியில், ஜன்னலோரம் ஒரு பலகை. தேயிலைப் பெட்டி மூடியில் நானே கட்டம் கீறிக் கொடுத்தது. லீவு நாளில் மலையிலிருந்து இறங்கும் தோட்டத்து ஆட்கள் நாங்கள் அங்கே ஒரு கை ஆடிவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். எங்கள் ஆட்டத்தில் ராசாவுக்கு ஒரு சலுகை உண்டு. ஒரே ஒரு தடவை, குதிரை மாதிரித் தாவலாம். என் அப்பாவின் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு கொண்டுவந்த வழக்கம் அது.

இது பொன்னையா கிளாக்கருக்குப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்து மனிதர், கண்டியில் அரசாங்க உத்தியோகம், சதுரங்கத்தை இங்கிலீசுப் புத்தகத்தில் படித்தவர். பெரஹெர பார்க்க மாடிக்கு வந்தவர், எங்கள் ஆட்டத்தைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"இஞ்ச பாரும் கணக்கப்பிள்ளை. ராசா தாவுறதெண்டு உலகத்தில எங்கயும் இல்லை. இது காட்டு விளையாட்டு. நானா, இனி இந்தக் கடையில புத்தக ஆட்டம் மட்டும்தான் எண்டு சொல்லிப்போடும்."

காட்டு விளையாட்டு! எங்களைத் தோட்டக்காட்டான் என்று கூப்பிடும் ஊரில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. நாங்கள் இந்த மாடி ஏறத் தேவையில்லை என்று அர்த்தம். என்னோடு வந்த நாலைந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

கிளாக்கர் கையில் இங்கிலீசுப் பேப்பர். சீமையிலேயே ஒரு பஞ்சாப்காரர் வெள்ளைக்காரர்களைத் தோற்கடித்து அவர்களுடைய சதுரங்கப் பட்டத்தைத் தூக்கிவிட்டாராம். பஞ்சாபிலேயே ஒரு பிரபுவிடம் வேலைக்கு இருந்து, அவரோடு சீமைக்குப் போன மனிதராம். கிளாக்கர் தன் மைத்துனனே ஜெயித்த மாதிரி வாசித்தார்.

"அவரு எங்க ஆடப் பழகினாரு ஐயா?" என்று கேட்டேன்.

"தகப்பனிட்ட, இந்திய முறையில. இங்கிலீசு முறை பழகிக் கொஞ்ச வருசம்தானாம்."

"அப்ப அவரு ராசாவும் தாவின ராசாதானே!"

"ஓம். தாவுறதை விட்டபடியாத்தான் வெண்டவர்."

சுட்டது அந்தப் பதில். விடுவேனா?

"சரி, ஒங்க புத்தகப்படியே ஆடுறேன். நான் ஜெயிச்சா தாவுறது இந்தக் கடையில இருக்கும்."

"தோத்தால்? ஒரு காய் தப்பா வைச்சாலும் தோல்விதான்."

"தோத்தா நாங்க யாரும் இந்த மாடி ஏற மாட்டோம்."

"எங்கள ஏங்க சேக்குறீங்க?" என்று பின்னாலிருந்து முனியாண்டி முனகினான். அவனும் எங்கள் தோட்டத்து ஆள்தான். வாய் கொஞ்சம் அதிகம்.

"சண்ட புடிக்காம வெளயாடுங்க, தேத்தண்ணி ஆறுது" என்றார் நானா.

ஆடினேன் பாருங்கள்... அவருடைய இரண்டு யானையையும் வாங்கினேன். கீழே தெருவில் நின்ற நிஜ யானையே நிமிர்ந்து பார்த்தது. அப்புறம் அவர் குதிரையும் மந்திரியும் என் ராசாவை நெருக்கின. இன்னும் ஒரு காய், கதை முடியும். யோசித்துக்கொண்டே இருக்கிறேன், கை தானாகப் போய்விட்டது. ராசா தாவிவிட்டார்!

"தப்புக் காய்!" கிளாக்கர் கதிரையைவிட்டு எழும்பிவிட்டார். "தோத்திட்டீர்!"

மூன்று தலைமுறைப் பழக்கம், ஒரு காலையில் விடுமா? எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"நான் தோத்ததாவே வச்சுக்கங்க. ஆனா ராசாவத் திருப்பி வைக்க மாட்டேன். அவரு அங்கதான் நிப்பாரு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். என் ஆட்களும் இறங்கினார்கள். தெருவில் கால் வைக்க இடமில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

"நெழல்ல நல்லா இருந்தோம்" என்றான் முனியாண்டி.

ஊர்வலத்துக்கு முன்னால் சவுக்கடிக்காரர்கள் வந்தார்கள், மேளம் வந்தது, யானைகள் வந்தன. நான் மாடியைப் பார்த்தேன். ஜன்னலில் எல்லாத் தலையும் தெருவைப் பார்த்தது; ஒரு தலை மட்டும் பலகையைப் பார்த்தது. குதிரையைத் தூக்குகிறார், வைக்கிறார், தலையைச் சொறிகிறார், மறுபடி தூக்குகிறார். பெரிய கொம்பன் போனது. மனிதர் நிமிரவில்லை.

திடீரென்று பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே வந்தது.

"கணக்கப்பிள்ளை! ஓடி வாரும்! உம்மட ராசா தாவியும் தப்பேலாது. பிடிச்சுப்போட்டன்!"

மேளத்துக்கு மேலே கத்தினேன். "தாவின ராசாவையா பிடிச்சீங்க?"

"ஓம்!"

"அப்ப தாவினது செல்லும்!"

கிளாக்கருக்குப் பக்கத்தில் நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "செல்லும்தான் ஐயா. தாவாட்டி நீங்க யாரப் புடிச்சீங்க? மேல வாங்க எல்லாரும்!"

போய்ப் பார்த்தேன். உண்மையாகவே பிடித்திருந்தார். தோற்றேன்... ஆனால் யார் விதியில் தோற்றேன், சொல்லுங்கள்!

பத்து வருடம் ஓடிவிட்டது. கிளாக்கர் பென்ஷனோடு ஊருக்குப் போய்விட்டார். போகும்வரை என்னோடு ஆடும்போது அவர் ராசாவும் தாவினார். அந்தப் பஞ்சாப்காரரையும் எசமான் பிரபு சீமையிலிருந்து சொந்த ஊருக்கே கூட்டிப் போய்விட்டாராம். பேப்பரில் இப்போது அவரைப் பற்றி ஒரு வரி வருவதில்லை. இந்தக் காலத்துப் பையன்கள் கொழும்பிலிருந்து அச்சடித்த அட்டை வாங்கி வருகிறார்கள், என் ஆட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். பகல் பெரஹெர அன்று நான் அந்தப் பஞ்சாப்காரர் பேரைச் சொல்லித்தான் முதல் காயை நகர்த்துகிறேன். தைரியமுள்ளவர்கள் எதிரே வந்து உட்காருங்கள். தாவுவேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.