ஐஸ்கிரீம் டப்பாவில் நின்ற தண்ணீர்

அப்பாவின் தங்கைக்குச் செடிப் பைத்தியம். கல்யாணமே வேண்டாம் என்று அடம்பிடித்து, ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கடைசி அறையில் இருந்தாள் அத்தை. அவள் உயிரையே வைத்திருந்தது ஜன்னலோரம் நின்ற ஒரு கலாத்தியாச் செடிமேல். யாரோ மெனக்கெட்டுக் கோடு போட்டதுபோல இலைமுழுக்க ரோஸ் வரிகள். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கத்தரிக்காய் நிறம். சாயங்காலம் ஆனால் இலைகள் தாமாக எழுந்து கைகூப்பி நிற்கும். எனக்கு அப்போது பத்து வயது. அதற்கு முதுகைக் காட்டி நிற்கவே மாட்டேன்.

அத்தை வேலை விஷயமாக மூன்று வாரம் பினாங்கு போனபோது அதை என் தலையில் கட்டிவிட்டாள்.

“தினமும் இலை மேல தண்ணி ஸ்ப்ரே பண்ணு பாப்பா. அதுக்குக் காத்துல ஈரம் இருக்கணும். ஆனா தொட்டி அடித்தட்டுல மட்டும் தண்ணி நிக்கக் கூடாது, சரியா?”

தட்டைக் கழுவித் துடைத்து அவள் கையாலேயே கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். கீழே லிஃப்ட் பக்கத்தில், எங்கள் புளோக்கில் டெங்கி இருக்கிறது என்று சிவப்புப் பதாகை கட்டியிருந்தார்கள்.

நான்கு நாள் மறந்தே போனேன். பரீட்சை என்று சொல்லிக்கொள்ளலாம்; உண்மையில் கைப்பேசியில் விளையாட்டு. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருக்கிறது. அத்தை வந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாளே! இணையத்தில் தேடினேன். ஒரு வெள்ளைக்கார அம்மா தட்டில் கூழாங்கல் பரப்பி, தண்ணீர் ஊற்றி, அதன்மேல் தொட்டியை வைத்துக் காட்டினார். பாவம், அவர் ஊரில் டெங்கி இல்லை போலும். நானும் பெரிய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் அப்படியே செய்து, அம்மா கண்ணில் படாமல் திரையை இழுத்து மூடினேன். ஒரு வாரத்தில் சுருட்டிவைத்த வெற்றிலைபோலப் புதுத் துளிர் ஒன்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்கு மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். முதலில் பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு சமைத்தார். மூன்றாம் நாள் தலையைத் தூக்க முடியவில்லை. கையெல்லாம் சிவப்புப் புள்ளி. அப்பா டாக்சியில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் அங்கேயே சேர்த்துவிட்டு வந்தார். வந்தவர் யாரிடமோ போனில், “டெங்கிதான். பிளேட்லெட் எறங்கிக்கிட்டே இருக்கு” என்றார். செருப்பைக் கழற்றக்கூட மறந்து வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார்.

அன்று மாலை ஸ்ப்ரே செய்யப் போனேன். டப்பாவுக்குள் கற்களுக்கு நடுவே நூல்துண்டுகளாக என்னவோ நெளிந்தன. பள்ளியில் படம் காட்டியிருக்கிறார்கள், பார்த்ததுமே கொசுப்புழு என்று தெரிந்துவிட்டது. யார் வீட்டுக் கொசு யாரைக் கடித்தது என்று எவராலும் சொல்ல முடியாது என்பதெல்லாம் பிற்பாடு கற்றுக்கொண்டது. அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என் அம்மாவை நான் கொன்றுகொண்டிருக்கிறேன். தண்ணீரைக் கொட்டினால் எல்லாம் கொசுவாகிப் பறந்துவிடும் என்று பயந்து, கதவைச் சாத்தி, அடியில் துண்டைச் செருகினேன். பிறகு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அம்மா பெயரையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கதவைத் தட்டினார்கள். கொசு ஆய்வுக்கு வந்த அதிகாரிகள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், கையில் டார்ச் லைட். குளியலறை, சமையலறை, துணி காயப்போடும் இடம் எல்லாம் பார்த்துவிட்டு அத்தை அறைக்குப் போனார்கள். திரையை விலக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் அதிகாரி அப்பாவைக் கூப்பிட்டு, யாருடைய செடி என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா, தங்கையுடையது என்றார். நான் சோபாவில் அசையாமல் இருந்தேன். வாயைத் திறந்தால் போலீஸ் வந்து பிடித்துப் போகும் என்று நிச்சயமாக நம்பினேன்.

அப்பா அங்கேயே நின்று அத்தைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“செடிக்கு அடியில டப்பால தண்ணி வெச்சிட்டுப் போனியாம்மா? முழுக்கப் புழு. இங்க அண்ணி ஆஸ்பத்திரியில கெடக்குறா!”

அத்தை திருப்பிக் கேட்டாள்:

“பாப்பா பக்கத்துல இருக்காளாண்ணே?”

“இங்கதான் இருக்கா. ஏன்?”

“ஒண்ணுமில்ல... நான்தான்ணே வெச்சேன். கொட்டிட்டு வர மறந்துட்டேன்.”

எனக்கு மூச்சு வந்தது. அத்தைக்கு ஞாபகமறதி அதிகம், வேறு ஏதோ டப்பாவை நினைத்துக்கொண்டு சொல்கிறாள் என்று மனதார நம்பினேன். அப்படி நம்புவது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

அம்மா பிழைத்து வீடு வந்தார். ஆனால் பினாங்கிலிருந்து திரும்பிய அத்தையின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. “செடி வளக்கத் தெரியுது, நின்ன தண்ணியக் கொட்டத் தெரியலையா? என்னை மேல கொண்டுபோய்ச் சேத்திருப்பா!” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அத்தை தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு மாதத்தில் சிராங்கூனில் வாடகைக்கு ஓர் அறை பார்த்துக்கொண்டாள்.

கிளம்பிய அன்று நான் கேட்ட ஒரே கேள்வி, இனி அந்த அறை எனக்கா என்பதுதான். “ஒனக்குத்தான் லா, வேற யாருக்கு?” என்று என் தலையைக் கலைத்துவிட்டாள். யாருடைய பழியைச் சுமந்துகொண்டு போகிறாள் என்பது எனக்கு எட்டவில்லை. தனி அறை கிடைத்த சந்தோஷத்தில், அவள் பெட்டியை லிஃப்ட் வரைக்கும் நானே தள்ளிக்கொண்டு ஓடினேன்.