எதிர்ப்பக்கமாக வந்த அக்கா

தொற்றுநோய்க்காகப் பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது நான் ஐந்தாம் வகுப்பு. திறந்தபோது ஏழாம் வகுப்பு. நடுவில் ஆறாம் வகுப்பு எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. நான் தட்டுத்தடுமாறிக் கற்றுவைத்திருந்த வாசிப்பையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. எங்கள் வீட்டின் ஒரே போன் அப்பாவோடு லாரியில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம், அம்மா எலுமிச்சை ஜூஸ் கடை வைத்திருந்தாள். எழுத்துக்கூட்டத் தெரியாத பெண்ணுக்கு எட்டாம் வகுப்பு எதற்கு, கடைக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று பாதி முடிவு செய்திருந்தாள். தலைமையாசிரியைதான் கெஞ்சி ஒரு மாதத் தவணை வாங்கினார். அதற்குள் நான் அம்மாவிடம் ஒரு பக்கமாவது வாசித்துக் காட்ட வேண்டும்.

அப்போதுதான் டவுனிலிருந்த ஒரு மெட்ரிக் பள்ளி எங்கள் அரசுப் பள்ளியோடு கைகோத்திருந்தது. சனிக்கிழமைதோறும் அவர்கள் வேன் வரும். அவர்களில் ஒருவர், எங்களில் ஒருவர் என்று ஜோடியாக உட்கார்ந்து வாசிப்போம். எனக்கு வாய்த்தவள் ஒன்பதாம் வகுப்பு அக்கா. நான் திக்கினால் சிரிக்க மாட்டாள். அந்த ஒன்றுக்கே நான் அவளுக்குக் கோயில் கட்டலாம்.

தவணையின் கடைசிச் சனிக்கிழமை, சித்திரைப் பௌர்ணமியாகப் போயிற்று. அன்றைக்குப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். வேன் வராது, வாசிக்க வேண்டாம் என்று நிம்மதியாக டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். ஊர் உலகமே ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருக்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிரே அக்காவும் அவளுடைய சாரும் இன்னும் நாலு பிள்ளைகளும் வந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டவுனில் பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, இவர்களுக்கு மலையை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்றுகூடவா தெரியாது!

“அக்கா, எதிர்ல வர்றீங்களே! வலமாதான் சுத்தணும்.”

“இந்தப் பக்கம்தான் கிட்டன்னு சார் கூட்டிட்டு வந்தாரு. நீ புக்கை எடு.”

கடைக்குப் பின்னால் சாக்கை விரித்து உட்கார்ந்து வாசித்தேன். இரண்டு இடத்தில் திக்கினேன். அக்கா அந்த வார்த்தையில் விரலை வைத்துக் காத்திருந்தாள். பழம் பிழிந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. ஜூஸ் கேட்டவர்களிடம், “இருங்க, பாப்பா படிக்குது” என்றாள். பக்கம் முடிந்ததும் எல்லாருக்கும் சர்க்கரை ஜாஸ்தி போட்டு ஜூஸ் கொடுத்தாள்.

“எட்டாவதுக்கு அனுப்பிடறேன் சார்” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர்கள் புறப்பட்டார்கள், வந்த வழியே.

“அக்கா, மிச்சத்தையும் சுத்திட்டுப் போங்க! பாதியில திரும்பினா புண்ணியம் கிடைக்காது!” என்று கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே கையாட்டினாள்.

அத்தனை வெயிலில் நடந்தும் இப்படி வீணாக்கிவிட்டார்களே என்று நிஜமாகவே வருத்தப்பட்டேன். விவரம் தெரியாத பிள்ளைகள், மன்னித்துவிடு என்று மலையைப் பார்த்துக் கும்பிடவும் செய்தேன். அந்த அக்காவை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அவர்கள் மலையைச் சுற்ற வரவேயில்லை, என்னைத் தேடித்தான் வந்தார்கள் என்பது அன்று என் புத்திக்கு எட்டவில்லை.