வீட்டில் ஆள் இருந்தால் மட்டும்

அந்தத் தையல் ஆலையில் இருநூற்று நாற்பது மிஷின்கள். எது மக்கர் பண்ணினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நேரில் பார்த்தால் மெக்கானிக்கம்மா. அந்தப் பக்கம் திரும்பியதும் ஒத்த ஸ்குரு. ஒரு நேரத்தில் ஒரு ஸ்குருவைத்தான் தொடுவாள் என்பதால் வந்த பெயர். அதைக் கால் சுற்று திருப்பி, துண்டுத் துணியில் ஒரு சாண் தைத்து, பக்கத்திலேயே நின்று பார்த்து, சாக்பீஸால் மிஷின் தலையில் ஒரு கோடு போட்ட பிறகுதான் அடுத்த ஸ்குரு. சூப்பர்வைசர் தலைக்கு மேல் நின்று கத்தினாலும் அவள் வேகம் கூடாது, குறையாது.

அந்தப் பழக்கம் பட்டு வந்தது. பத்தொன்பது வயதில் நூல் வெட்டும் பெண்ணாகச் சேர்ந்தவள், ஒரு மதியம் நின்றுபோன மிஷினை மெக்கானிக் சாப்பிட்டு வருவதற்குள் தானே சரிசெய்துவிடலாம் என்று மூன்று ஸ்குருக்களை ஒரே மூச்சில் கழற்றினாள். எது எதனால் கெட்டது என்று அப்புறம் யாருக்கும் புரியவில்லை. மிஷின் மூன்று நாள் படுத்தது. வாங்கிய திட்டுக்கு வேறொருத்தியாக இருந்தால் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். இவள் மெக்கானிக்கின் பின்னாலேயே நாலு வருஷம் சுற்றி, அவருடைய ஸ்பானர் பையையே வாங்கிக்கொண்டாள். அப்படி ஒரு வீம்பு.

அவளுடைய கணவர் லாரி டிரைவர். வாயாடி. எங்கே நிறுத்தினாலும் நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். சுமைக்கு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது தவறி விழுந்து கழுத்தெலும்பு நொறுங்கியது. உயிர் பிழைத்தார், வாயும் பிழைத்தது. கால்கள் இரண்டும் வலது கையும் போய்விட்டன. இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்கும். ஒரு மாத்திரையைக் கிண்ணத்திலிருந்து எடுத்து வாயில் போட அது போதும்.

மதிய மாத்திரை அவரை அடித்துப் போட்டதுபோலத் தூங்கவைக்கும். மூன்று மணிக்கு அடுத்த மாத்திரை. அது தவறினால் உடம்பு மரக்கட்டையாக விறைத்து, தசை முறுக்கி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். அதே நேரத்தில்தான் மேற்கு ஜன்னல் வெயிலும் நேராக அவர் நாற்காலியில் வந்து விழும். அலாரம் கடிகாரம் வைத்துப் பார்த்தாள். அவரால் அதை நிறுத்த முடியவில்லை. அரை மணி நேரம் அலறியதில் மேல்மாடி வீட்டுக்காரர் வந்து கதவை இடித்தார்.

அதற்காக வாங்கியதுதான் பேசும் ஸ்பீக்கர். கூடவே ஜன்னலுக்கு மோட்டார் திரை. மூன்று மணி அடித்ததும் திரை இறங்கும், ஃபேன் ஓடும், ஸ்பீக்கர் "மாத்திரை நேரம்" என்று அவர் பதில் சொல்லும்வரை சொல்லும். எல்லாவற்றையும் போனில் அவளே அமைத்தாள். வீட்டில் அதற்கு 'மூணு மணி வேலை' என்று பெயர். அவள் லீவில் இருந்த இரண்டு மாதமும் மூணு மணி வேலை கடிகார முள் மாதிரி நடந்தது.

அவள் ஆலைக்குத் திரும்பியதும் ஆரம்பித்தது வினை. முதல் நாளே திரை இறங்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஆலை வாசலில் எல்லோர் போனையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்பதால் ஐந்து மணிவரை அவளுக்கு ஒன்றும் தெரியாது. வியாழக்கிழமை வீட்டுக்குள் நுழைந்தபோது கிண்ணத்தில் மாத்திரை அப்படியே இருந்தது. அவர் முகத்தின் ஒரு பாதி வெயிலில் சிவந்து வீங்கியிருந்தது. விரல்கள் இரண்டும் நாற்காலிக் கையைப் பிடித்தபடி விறைத்திருந்தன.

"இன்னிக்கு லேசா சூடுதான்," என்றார். அதைச் சொல்லவே அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

விஷயம் நாத்தனார் காதுக்குப் போனது. கணவரின் அக்கா, முப்பது வருஷம் வார்டு பார்த்த நர்ஸ். ஏழு மணி நேரப் பயண தூரத்தில் வீடு. கீழ்த்தளத்தில் ஓர் அறையைத் தம்பிக்காகவே ஒழித்து வைத்திருந்தார்.

"நான் உன்னைக் குறை சொல்லலம்மா. நீ வேலைக்குப் போகாம முடியாது, அதுவும் தெரியும். ஆனா ஒரு மிஷின நம்பி அவனை வெயில்ல போட முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுக்குள்ள சரியாகலைன்னா அவன் என்கூட வரட்டும்."

"சரிங்க அண்ணி," என்றாள். வேறென்ன சொல்வது. நாத்தனார் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கணவரைப் பார்த்தாள். "நீ என்ன முடிவு பண்றியோ," என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் மனுஷன் இதற்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை. ஒரு கை பார்த்துவிடுவது என்று அவள் அப்போதுதான் முடிவு செய்தாள்.

ஆலையிலிருந்து பழைய ரிப்பேர் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒரு நாளைக்கு ஒரு ஸ்குரு.

திங்கட்கிழமை, ஸ்பீக்கர் பிளக்கை எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து பிடுங்கிச் சுவரில் சொருகினாள். ஓடவில்லை. செவ்வாய் மதியம் அவரை வேன் வந்து பயிற்சி மையத்துக்குக் கூட்டிப்போகும், அதனால் அன்று கணக்கில்லை. புதன்கிழமை, வைஃபை பெட்டியை அடுப்படி அலமாரியிலிருந்து கூடத்துக்கு மாற்றினாள். ஓடவில்லை. ஆனால் ஒவ்வொரு நாள் மாலையும் அவள் நேரத்தை ஏழு ஐந்துக்கு மாற்றிவைத்துப் பக்கத்தில் நின்று பார்த்தால், திரை சமர்த்தாக இறங்கியது. ஃபேன் ஓடியது. ஸ்பீக்கர் மாத்திரை நேரம் என்று தேன் ஒழுகச் சொன்னது.

"உன்னைக் கண்டா பயம் அதுக்கு," என்றார் கணவர். "நம்ம கல்யாணத்தப்ப எனக்கு இருந்த மாதிரி."

"இப்ப இல்லையாக்கும்."

"இப்ப ஓட முடியாதே, பயந்து என்ன பண்றது."

வியாழக்கிழமை காலை எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டாள். அதில் நேரமாகிவிட, போனைக்கூட மேஜையில் மறந்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். ஆலையில் போன் எப்படியும் பெட்டியில்தான் கிடக்கும், போனால் போகட்டும். மாலையில் வந்தால் திரை இறங்கியிருந்தது. கிண்ணம் காலி. அவர் நிழலில் உட்கார்ந்து பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நோட்டில் பெரிதாக 'அணைத்துப் போட்டது: சரி' என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.

வெள்ளிக்கிழமை எதையும் தொடவில்லை. திரை இறங்கவில்லை. அன்று பக்கத்து வீட்டம்மா ஏதோ கேட்க வந்து அவரை எழுப்பியதால் மாத்திரை தப்பியது. சனிக்கிழமை விடிந்ததும் மறுபடி எல்லாவற்றையும் அணைத்துப் போட்டாள். அதற்கும் மசியவில்லை. ஐந்தரைக்கு அவள் வந்தபோது அவர் பேசும் நிலையில் இல்லை. மாத்திரை கொடுத்து, கைகால்களை நீவிவிட்டு, முறுக்கு இறங்க ஒரு மணி நேரம் ஆனது. நாத்தனார் நாளை மதியம் வருகிறார்.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கை ஓயவில்லை, மூளைதான் ஓய்ந்துவிட்டது.

"வியாழக்கிழமை செஞ்சதையேதான் இன்னிக்கும் செஞ்சேன். அன்னிக்கு ஓடுச்சு, இன்னிக்கு ஓடல. எப்படி?"

"அன்னிக்கு எனக்குத் துணைக்கு உன் போன் இருந்துச்சு," என்றார் அவர். "இந்த மேஜையிலயே கெடந்து பத்து தடவ கத்துச்சு. எடுக்கவும் முடியல, திட்டவும் முடியல."

அவள் பேனா நின்றது. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, ஓடிய நேரங்களை வரிசையாக எழுதினாள். லீவில் இருந்த இரண்டு மாதம், ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகள், ஓடியது. தினமும் மாலை ஏழு ஐந்து, ஓடியது. வியாழன், அவள் இல்லை, போன் இருந்தது, ஓடியது. மிஷின் பக்கத்தில் நின்றுதான் சோதிக்க வேண்டும் என்று இருபத்தைந்து வருஷமாகப் பிடிவாதம் பிடித்தவள். பக்கத்தில் நின்றதால்தான் கோளாறு கண்ணில் படவே இல்லை.

போனைத் திறந்து மூணு மணி வேலையின் அமைப்பை மேலிருந்து கீழாக விரலால் தள்ளினாள். நேரம், திரை, ஃபேன், பேச்சு. அதற்கும் கீழே, அவள் திரும்பிப் பார்க்காத ஓர் இடத்தில், ஒரு வரி இருந்தது. 'வீட்டில் ஆள் இருந்தால் மட்டும்.' பக்கத்தில் டிக். அதைத் தொட்டால் இன்னொரு பக்கம் விரிந்தது. வீட்டில் உள்ளவர்கள்: ஒருவர். அவளுடைய போன்.

முகத்தில் ஈயாடவில்லை. அந்த டிக்கைப் போட்டது யார் என்று அவளுக்கு நினைவு வந்துவிட்டது. லீவில் இருந்தபோது செவ்வாய்க்கிழமைகளில் அவரோடு அவளும் வேனில் போவாள், ஆளில்லாத வீட்டில் ஃபேன் எதற்கு ஓட வேண்டும் என்று சிக்கனமாகத் தானே போட்ட டிக். ஆள் வீட்டில் இருக்கிறதா என்பதை அந்த இயந்திரம் போனை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். அவருடைய போன், பிடிக்க முடியவில்லை என்று அவரே எடுத்துவைக்கச் சொல்லி, ஐந்து மாதமாக பீரோவில் அணைந்து கிடக்கிறது.

"நான்தாங்க," என்றாள். "நான்தான் டிக் போட்டேன். நான் கிளம்பிட்டா வீட்டுல யாருமே இல்லன்னு அது நினைச்சுக்குது."

அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அப்ப இந்த ரெண்டு வாரமா நான் வீட்டுல இல்லையா?"

தன்மேல் வந்த கோபத்தில் அந்த டிக்கை எடுக்க விரலைக் கொண்டுபோனாள். ஒரு தொடல், அவ்வளவுதான் வேலை.

"எடுக்காத," என்றார்.

"ஏங்க, எடுத்தா சரியாயிடும்."

"தெரியுது. எடுக்காத. என்னைச் சேரு."

"உங்க போன் சார்ஜ் இறங்கிட்டா மறுபடி நின்னு போயிடுங்க. நாளைக்கு அண்ணி வர்றாங்க."

"நாற்காலியிலயே வயர் கட்டி வை, இறங்காது. செவ்வாக்கிழமை நான் கிளம்பினா போனும் கூட வரும், வீடு சும்மா இருக்கும். உன் சிக்கனமும் கெடாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "யாரும் இல்லாத வீட்டுக்குத் திரை இறங்க வேணாம். நான் இருக்கேன்னு இறங்கணும்."

அவள் அவரைப் பார்த்தாள். விழுந்த நாளிலிருந்து அவர் இது வேண்டும் என்று கேட்டதே இல்லை. கொடுத்ததைத் தின்றார், படுக்கவைத்த பக்கம் படுத்தார். இப்போது பிடிவாதம் பிடிக்கிறார். பீரோவைத் திறந்து போனை எடுத்து, தூசி துடைத்து, நாற்காலிக் கம்பியோடு வயரைக் கட்டினாள். ஒரே ஒரு ஸ்குரு. வீட்டில் உள்ளவர்கள்: இருவர்.

சோதிப்பதுதான் பாக்கி. இந்த மிஷினைப் பக்கத்தில் நின்று சோதிக்க முடியாது. அவள் போனோடு வீட்டை விட்டுப் போயாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதிய மாத்திரையில் அவர் தூங்கியதும், கிண்ணத்தில் அடுத்த மாத்திரையை வைத்து, ஸ்ட்ராவோடு தண்ணீரை அருகில் நகர்த்திவிட்டுக் கதவைப் பூட்டினாள். தெருக்கோடி பஸ் நிறுத்தத்திலிருந்து அவர்கள் வீட்டு மூன்றாம் மாடி ஜன்னல் தெரியும். போனைப் பார்த்தாள். வீட்டில் உள்ளவர்: ஒருவர். இந்த முறை அது அவர்.

இரண்டே முக்கால் பஸ்ஸில் நாத்தனார் இறங்கினார். கையில் பெரிய காலிப் பை, தம்பியின் துணிமணிக்கு. "அவனைத் தனியா விட்டுட்டு இங்க என்ன பண்றே?"

"மூணு மணிவரைக்கும் என்கூட நில்லுங்க அண்ணி. அந்த ஜன்னலப் பாருங்க."

நாத்தனார் காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். இருவரும் நின்றார்கள். வெயில் கண்ணாடியில் பட்டுத் தகதகத்தது. மூன்று ஆனது. ஒன்றும் அசையவில்லை. நாத்தனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓடிவிடலாம் என்று அவள் கால்கள் துடித்தன, ஓடினால் சோதனை கெடும். கைப்பிடிக் கம்பியை இறுக்கிக்கொண்டாள். அப்போது ஜன்னலின் மேல் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. கோடு அகலமாகி, மெதுவாக, கண்ணாடி முழுவதையும் மூடியது.

"இறங்கிடுச்சு," என்றார் நாத்தனார். உடனே நர்ஸ் குரலில், "மாத்திரை?"

"பத்து நிமிஷம் கழிச்சுப் போலாம்."

பத்து நிமிஷமும் நின்றுவிட்டுத்தான் படியேறினார்கள். கூடம் நிழலாக இருந்தது. ஃபேன் ஓடியது. கிண்ணம் காலி. அவர் விழித்திருந்தார். மோவாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

நாத்தனார் குனிந்து அவருடைய கையைத் தொட்டு, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். விறைப்பு இல்லை. சற்று நேரம் அந்தக் கையை விடாமல் வைத்திருந்தார்.

"இது ஒரு நாள் கூத்து இல்லையே?"

"தினமும் எழுதி வைக்கிறேன் அண்ணி. தவறினா நானே உங்களுக்கு போன் பண்ணுவேன், மறைக்க மாட்டேன்."

"நீ சொல்லுடா," என்று நாத்தனார் தம்பியிடம் திரும்பினார். "இவ என்ன நினைப்பா, நான் என்ன நினைப்பேன்னு பாக்காத. அறை தயாரா இருக்கு. என்கூட வர்றியா?"

அவர் அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"நான் வந்துட்டா நாளைக்கு இவ வேலைக்குப் போன பிறகு வீட்டுல யாரு இருப்பா அக்கா?" என்றார்.

நாத்தனார் காலிப் பையை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் திணித்தார்.