காலை வெட்டாமல் எடுத்த ரைஸ் மில்

“…அதுவும் இல்லாம, எங்க மில்லு இவ்ளோ குள்ளமாவா இருந்துச்சு? தீப்பெட்டிய நிக்க வச்சு எடுத்த மாதிரி இல்ல இருக்கு, தம்பி!”

கேமராவின் சின்னத் திரையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, அந்த அக்கா என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அது நான் காட்டிய மூன்றாவது படம். முதல் படத்துக்கு “ம்” என்றார். இரண்டாவதற்கு அதுவும் இல்லை.

நாங்கள் நின்றிருந்தது புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி, பல வருஷமாய் மூடிக் கிடக்கும் ஒரு ரைஸ் மில்லில். ஒரு காலத்தில் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் அந்த இடம் வந்தது தெரிந்துவிடும். அவித்த நெல்லின் வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்போது கூரைத் தகரத்தில் பாதி இல்லை. இடத்தை மனை போட விற்றாயிற்று, மறுநாள் காலை ஜேசிபி வருகிறது.

அந்த அக்கா இந்த மில் களத்தில் இருபது வருஷத்துக்கு மேல் நெல் காய வைத்தவர். அந்தக் கூலியில்தான் மகளை நர்சிங் படிக்க வைத்தார். மகள் இப்போது புது வீடு கட்டியிருக்கிறாள். “ஹால்ல எங்கம்மா வேலை செஞ்ச மில்லு படத்தத்தான் பெருசா மாட்டுவேன்” என்று சொல்லிவிட்டாளாம். ஆனால் மாட்டுவதற்கு ஒரு படம்கூட இல்லை. “அப்பல்லாம் யாரு தம்பி போட்டோ எடுத்தா? தலைய நிமித்துனாலே மேஸ்திரி கத்துவாரு” என்றார் அக்கா. மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் என்பதால் என்னைத் தேடி வந்திருந்தார்.

எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை இந்தத் தொழில். திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்த நாளில் மாலையும் கழுத்துமாய் ஜோடி ஜோடியாக இறங்கி வருவார்கள் பாருங்கள், அந்தக் கூட்டத்தில் முட்டி மோதிக் கற்றுக்கொண்டது. ஆரம்பத்தில் ஒரு கல்யாணத்தில், பெண்ணின் படத்தை முழங்காலோடு நிறுத்தி எடுத்துவிட்டேன். ஆல்பம் கொடுக்கப் போன அன்று பெண்ணின் அத்தை பிடித்துக்கொண்டார். “ஏம்பா, பொண்ணு காலை வெட்டிப்புட்டியே, நல்லாருப்பியா நீ? மெட்டி போட்ட காலு அது!” அன்றோடு சரி. அதற்கப்புறம் நான் எவர் காலையும் வெட்டியதில்லை, தலையையும் வெட்டியதில்லை.

கையில் எல்லாரும் போன் வைத்துக்கொண்ட பிறகு கல்யாண வேலை குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு, ஆள் இல்லாத கட்டடமாகப் பார்த்து எடுக்க ஆரம்பித்தேன். அண்ணாகிராமம் பக்கம் முந்திரி உடைக்கிற ஒரு பழைய கொட்டகை. அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர், “கொட்டாய வுட்டுட்டுப் போறவன் ஆணிய மட்டும் ஏன் சார் இவ்ளோ அடிச்சு வச்சுட்டுப் போறான்?” என்று கேட்டார். இப்படி யாராவது ஏதாவது சொன்னால் போனில் குறித்துக்கொள்வேன். படத்தைவிட அந்தப் பேச்சுதான் என்னிடம் நன்றாக வந்திருக்கிறது. ஏனென்றால், என் கட்டடங்கள் எல்லாமே கல்யாண மாப்பிள்ளை மாதிரி நட்டநடுவில், கால் முதல் தலை வரை முழுசாக, விறைப்பாக நிற்கும். கீழே வெறும் ரோடு, மேலே வெறும் வானம்.

அக்கா “குள்ளம்” என்ற பிறகுதான் அது எனக்கு உறைத்தது. முழுசாகப் பிடிக்க வேண்டும் என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை போய் நின்றால் குள்ளமாகத்தானே தெரியும்?

கிட்டே போய் எடுத்தேன். “இப்ப வெறும் செவுரு” என்றார்.

“அக்கா, வேலை செய்யறப்ப நீங்க எங்கேருந்து பாப்பீங்க?”

“நாங்க எங்க பாத்தோம்? குனிஞ்ச தலையா தரையத்தான் பாத்தோம். நிமுந்தா அதோ, எஞ்சின் ரூம் கதவு. அது நெழலு களத்துல எந்த எடத்துக்கு வருதோ அதான் எங்களுக்கு மணி.”

சிமென்ட் களத்தின் இந்தக் கோடியில் போய் மண்டியிட்டேன். கேமரா தரையிலிருந்து ஒரு சாண்தான் இருக்கும். முழுக்கக் களம், அந்தக் கோடியில் கதவு. நாலரை மணி வெயில் குறுக்கே விழுந்திருந்தது. மில்லின் புகைபோக்கி படத்தில் பாதியோடு வெட்டுப்பட்டது. அந்த அத்தை இன்னும் எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி, விரல் அமுக்க மறுத்தது. அமுக்கிவிட்டேன்.

இந்தத் தடவை அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். “கதவு சரி. ஒசரமும் சரி” என்றார். அப்புறம் திரையில் விரல் வைத்தார். “இது என்னா?”

கவனித்தேன். களத்தில் படிந்திருந்த புழுதி முழுக்க என் ஷூ தடம். காலையிலிருந்து அங்கும் இங்கும் அலைந்தது அத்தனையும் அச்சாகக் கிடந்தது. அப்போதுதான் திரும்பிப் பார்க்கிறேன்: அக்காவின் செருப்பு களத்துக்கு வெளியே, ஓரமாக, ஜோடியாக இருந்தது. வந்ததிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது.

“சோத்துக்கு நெல்லு காயற எடம்னு நாங்க யாரும் செருப்போட ஏற மாட்டோம். மொதலாளியே கழட்டிட்டுத்தான் வருவாரு. உன் பூட்ஸ் காலயா எம்பொண்ணு ஹால்ல மாட்டுறது?”

வெட்கமாகப் போய்விட்டது. ஷூவைக் கழற்றி அவர் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். “விளக்குமாறு இருந்தா கூட்டிடலாங்க்கா.”

“கூட்டுனா மொழுக்குன்னு ஆயிடும். களம் அப்படிக் கெடந்து நான் பாத்ததே இல்ல. நீ போய் ஒன் எடத்துல குந்து.”

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். என் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, காயும் நெல்லைக் காலால் கிளறிவிடுகிற மாதிரி இரண்டு பாதத்தையும் தரையோடு இழுத்து இழுத்து, என் ஷூ தடத்தின் மேலேயே எஞ்சின் ரூம் கதவைப் பார்த்து நடந்தார். அவர் பின்னால் புழுதியில் இரண்டு கோடு, நூல் பிடித்த மாதிரி, நேரே கதவு வரை போயிற்று. நான் அமுக்கினேன். அவர் நிற்கவில்லை. கதவுக்கிட்டே போய்த் திரும்பி, முதல் வரிசைக்கு ஒட்டினாற்போல் அடுத்த வரிசையை இழுக்க ஆரம்பித்தார்.